ஸ்டெல்லா அக்கா கெடுக்காத படம்

பொந்தியானிலிருந்து ஸ்டெல்லா அக்காவின் தங்கை அழைத்தார். “அக்கா போயிட்டாங்க, தம்பி.” காரை ஓரமாக நிறுத்தினேன். அழுகை வரவில்லை. ஒருவர் மீதிருந்த ஆத்திரம்தான் முதலில் வந்தது.

அக்கா படங்களுக்கு நிறம் சீர்செய்பவர். எங்கள் ஜொகூர் மாநிலத்தில் எடுத்த பல தமிழ்த் தொடர்களில் நம் முகங்கள் நம் நிறத்திலேயே தெரிந்தன என்றால் அது அவரால்தான். “கறுப்ப வெளுப்பாக்க நான் என்ன சோப்பா விக்கிறேன் லா?” என்பார்.

காஹாங் செம்பனைத் தோட்டத்தில் ஒரு படம் எடுத்தபோது நான்தான் கேமரா, அக்காவும் உடனிருந்தார். ‘லாக்’ முறையில், அகன்ற நிறவெளியில் பதிவு செய்தால் காட்சி சாயம் போன துணிபோல் இருக்கும். ஆனால் வெயிலின் விவரமும் நிழலின் விவரமும் உள்ளே பத்திரமாக இருக்கும். நிறத்தைப் பிறகு வெளியே எடுக்கலாம். இயக்குநருக்கு அது பிடிக்கவில்லை. “என்னா இது, பொணம் மாதிரி? பளிச்சுன்னு எடு!”

“சார், மானிட்டர்ல மட்டும் பளிச்சுன்னு காட்டுறேன். பதிவு லாக்லயே இருக்கட்டும். வெள்ளையா வெந்துபோன வானத்த யாராலயும் மீட்க முடியாது,” என்றார் அக்கா.

இயக்குநர் கேட்கவில்லை. அவர் சொன்னபடி நான் லாக்கை அணைத்தேன்.

படத்தில் வானம் வெற்றுத் தாளாகவும் பனை நிழலில் நின்ற முகங்கள் கரியாகவும் வந்தன. வெளியீட்டு விழா மேடையில் இயக்குநர், “கலர் பண்ணவங்க கெடுத்துட்டாங்க,” என்றார். நான் மூன்றாம் வரிசையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருடைய அடுத்த படத்துக்கும் நானே கேமரா. அக்காவை அதன்பின் யாரும் அழைக்கவில்லை.

நோயில் படுத்திருந்தவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். “ஒன்ன அப்புறம் பாத்துக்கிறேன். நான் போனா அந்த ஆளு வந்து அழுவான். அழ விடாத,” என்றார்.

இயக்குநர் வந்தார். நேற்று தேவாலய மண்டபத்தில் மைக்கைப் பிடித்து, “என் தங்கச்சி மாதிரி…” என்று கண்ணைத் துடைத்தார். நான் எழுந்துபோய், அக்காவின் புகைப்படங்கள் ஓடிய திரையில் காஹாங் மூலப்பதிவைப் போட்டேன். அதில் இயக்குநரின் குரலே கேட்டது: “லாக்க அணை. அந்தப் பொம்பள பேச்ச கேக்காத. எது நடந்தாலும் நான் பொறுப்பு.”

மண்டபமே அவரைத் திரும்பிப் பார்த்தது. மைக்கை வைத்துவிட்டுக் குனிந்தபடி வெளியே நடந்தார். ஒருவரும் வழியனுப்பவில்லை. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அடுத்து, லாக்கை அணைக்குமுன் நான் எடுத்து, அக்கா நிறம் சீர்செய்த ஒரே காட்சியைப் போட்டேன். மழை திரண்ட மேகம். அதன் கீழே குலை வெட்டும் பெண்ணின் கறுத்த கன்னத்தில் வியர்வை மின்னியது. அதன் முன்னே சவப்பெட்டியை மூடினார்கள்.

நிம்மதியாகத் தூங்குங்கள், அக்கா. அந்த ஆள் தூங்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.