தேவசகாயம் கேட்ட கேள்வி

செவ்வாய்க்கிழமை காலை வகுப்பெடுக்கக் கிளம்பும்போது தேவசகாயத்தின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவருடைய தங்கை மகள் எஸ்தர். "மாமா பூட்டாரு சார். காலைல எழுப்பப் போனேன், எழுந்திருக்கல." அடுத்த பஸ்ஸில் உத்திரமேரூருக்குப் புறப்பட்டேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உத்திரமேரூரை அடுத்த கிராமத்தில் ஒரு கூலிக் குடும்பத்தில் பிறந்து, எங்கள் ஆய்வுக்கூடத்தில் மரபணுச் சோதனைகளுக்காகப் பழ ஈக்களை வளர்த்தவர் அவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "எட்டு மணி நேரத்துக்கு ஒரு தபா ஈப் புட்டியப் பாத்துக்கினு கீறவனுக்கு எவன் சார் பொண்ணு குடுப்பான்?" என்று சிரிப்பார்.

குரோமோசோமின் இடுப்பு போன்ற பகுதி சென்ட்ரோமியர். செல் பிரியும்போது இழைகள் அங்கேதான் பற்றி இழுக்கும். அங்குள்ள ஒரு புரதத்தைத் தாய் ஈயில் குறைத்தால் குரோமோசோம்கள் சரியாகப் பிரியாது என்பது என் வாதம். வெள்ளைக்கண் தாய்க்கும் சிவப்புக்கண் தகப்பனுக்கும் சாதாரணமாகப் பிறப்பவை சிவப்புக்கண் பெண்களும் வெள்ளைக்கண் ஆண்களும். பிரிவு தவறினால் வெள்ளைக்கண் பெண்களும் சிவப்புக்கண் ஆண்களும் சேர்ந்தே வரும். எனக்கு வெள்ளைக்கண் பெண்கள் ஏராளமாகக் கிடைத்தன. துள்ளிக் குதித்துக் கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டேன்.

மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்த தேவசகாயம், "வெள்ளக்கண்ணு பொண்ணு இவ்ளோ கீது. செவப்புக்கண்ணு பையன் ஒண்ணு கூட இல்லியே, இன்னா சார் இது?" என்றார்.

"உங்க வேலை ஈக்குக் கஞ்சி காய்ச்சுறது. அதைப் பாருங்க" என்றேன். எல்லார் முன்னாலும் சொன்னேன்.

கூட்டிலிருந்து வெளிவந்த எட்டு மணி நேரத்துக்குள், ஆணோடு சேரும் முன்பே, பெண் ஈக்களைப் பிரித்தெடுத்து, என் சோதனையை முதலிலிருந்து அவரே செய்தார். வெள்ளைக்கண் பெண் ஒன்றுகூட வரவில்லை. நான் சோம்பேறித்தனமாகத் தாமதித்துப் பிரித்திருந்தேன். அதற்குள் தாய் ஈக்கள் உடன்பிறந்த வெள்ளைக்கண் ஆண்களோடு சேர்ந்துவிட்டிருந்தன. வெள்ளைக்கண் பெண்கள் பிறந்தது அதனால்தான். புரதத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. அதன்பின் அவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. கஞ்சி காய்ச்சும் அறையில் தனியாக டப்பாவைத் திறப்பார். அந்தத் தனிமையை அவருக்குக் கொடுத்தவன் நான். அவர் ஓய்வு பெற்றபின் அவ்வப்போது போன் செய்வேன். பேச்சு மழையைச் சுற்றியே ஓடி முடிந்துவிடும். ஒவ்வொரு முறையும் வைத்தபிறகு என்மீதே எரிச்சல் வரும்.

கல்லறைத் தோட்டத்தில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அவர்களிடம் எஸ்தர் என்னைக் காட்டினாள். "மாமா சொல்லிக்கினே இருப்பாரே, தன் தப்பத் தானே கண்டுபுடிச்சு, எழுதுனதையே வாபஸ் வாங்கிக்கினாரு ஒரு சாருன்னு. அவருதான் இவரு."

"இல்லம்மா, கண்டுபிடிச்சது அவர். கேள்வி கேட்டதுக்காக நான் அவரை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தினேன்" என்றேன். போதகர் ஜெபத்தைத் தொடங்கினார்.

பெட்டி இறங்கியதும் ஒரு பிடி மண் எடுத்தேன். கை விரியவில்லை. "போடுங்க சார்" என்றாள் எஸ்தர்.

போய் வாருங்கள், தேவசகாயம். என்னை மன்னித்துவிடுங்கள். இதைக் கேட்க நீங்கள் இருந்தவரை எனக்கு வாய் வரவில்லை.