பி குரூப்பும் ஒரு குழாயும்

எனக்கு வேண்டியிருந்தது ஒரு குழாய். வீட்டுக்குள்ளேயே இருக்கிற குழாய். எண்பதுகளில் தாராவியில் இருந்த எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் என் குழாய், ஏதோ ஒரு நாட்டுக்காரன் ஐஸ் மேல் சறுக்கிக்கொண்டு ஆடிய ஆட்டத்தில் போய் மாட்டிக்கொண்டது. சொன்னால் எங்கள் சனமே நம்பாது.

என் வீட்டுக்காரருக்குத் தோல் பட்டறை. கீழே தையல் மெஷின்கள், மேலே நாங்கள். வெல்டிங் வேலைக்காரர்களுக்குக் கையுறை தைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் மாட்டுங்காவிலிருந்து எக்ஸ்போர்ட் ஏஜென்ட் ஒருத்தர் வந்து, பையிலிருந்து ஒரு கையுறையை எடுத்து மெஷின் மேல் வைத்தார். ஒவ்வொரு விரலும் நேந்திரங்காய் தடிமன்.

"யானைக்கா சார்?" என்று கேட்டேன்.

"ஐஸ் ஹாக்கிம்மா. குளிர் தேசத்துல ஆடறது."

முதல் ஆர்டரைத் தைத்து அனுப்பினோம். அந்த நாட்டுக் கடைக்காரனுக்குப் பிடித்துவிட்டது. நாட்டின் பேரை மட்டும் கேட்காதீர்கள், கண் பட்டுவிடும். அடுத்த ஆர்டர் பெரிதாக வந்தால் குர்லாவில் ஒரு ரூம் எடுத்துவிடலாம் என்று வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்தார். ரூமைப் போய்ப் பார்த்தோம். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், ஜன்னலை ஆட்டிப் பார்த்தார். நான் குழாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே இருந்தேன். விடியுமுன் எழுந்து பொதுக்குழாயில் குடம் போட்டு, எவளோ காலால் அதைத் தள்ளி விட, அவள் குடும்பத்தையே இழுத்துப் பேசி நாளைத் தொடங்குகிறவளுக்குத்தான் அந்தச் சத்தத்தின் அருமை தெரியும்.

"பெரிய ஆர்டர் வருமா வராதா, அதைச் சொல்லுங்க சார்" என்று ஏஜென்டைப் பிடித்துக்கொண்டேன்.

"அது அவா டீம் ரேங்கைப் பொறுத்ததும்மா. டீம் மேல போனா ஊர்ல இருக்கற பசங்களெல்லாம் ஆட ஆரம்பிச்சுடுவா."

"ரேங்குன்னா பள்ளிக்கூடத்து ரேங்கா?"

அவருக்கு விளக்குவதென்றால் டீயே வேண்டாம். "ஆடற தேசத்தையெல்லாம் ஏ, பி, சி-ன்னு குரூப்பாப் பிரிச்சிருக்கா. வருஷா வருஷம் அவாவா குரூப்புக்குள்ள ஆடணும். ஜெயிச்சா ரெண்டு பாயின்ட், சமமாப் போனா ஒண்ணு. ஏ-ல கடைசி வர்றவன் பி-க்கு இறங்கிடுவான். பி-ல முதல் வர்றவன் அவன் எடத்துக்கு ஏறுவான். பி-ல கடைசி ரெண்டு பேர் சி-க்குப் போகணும். சி-லேர்ந்து ரெண்டு பேர் மேல வருவா. நம்ம கஸ்டமர் பி."

"பி-ல எல்லாரையும் ஜெயிச்சவனுக்கு என்ன ரேங்கு?"

"ஏ-ல கடைசி வந்தவனுக்கு அடுத்தது."

"அங்க எல்லார்ட்டயும் அடி வாங்குனவனுக்குக் கீழயா? இது என்ன நியாயம் சார்?"

"அவன் ஏ-ல ஆடறான் இல்லையோ!"

எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. ஏ என்றால் பில்டிங். பி என்றால் சால், ஒற்றை அறை வரிசை வீடு. சி என்றால் எங்களைப்போல ஜோப்படிக் குடிசை. பில்டிங்கில் வாடகை கொடுக்காமல் ஒளிகிறவனுக்கும் வாட்ச்மேன் சலாம் போடத்தானே செய்கிறான்!

"இந்தியா எதுல சார்?"

"நாம எதுலயுமே இல்லம்மா. நம்மகிட்ட ஐஸ் ஏது?"

"ஐஸைச் சீவி விக்கிற கோலாக்காரன் வண்டி பூரா வச்சிருக்கானே" என்றேன். மனுஷர் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து பட்டறையில் அது 'நம்ம டீம்'. மார்ச் வெக்கையில், பனியன் நனைந்து ஒட்ட, ஆளாளுக்கு யானைக் கையுறையை மாட்டிக்கொண்டு துடைப்பக்கட்டையால் ஆடிப் பார்த்தார்கள். நான் தர்காவுக்குப் போய் நேர்ந்துகொண்டேன். "யா அல்லா, இவங்களை ஏ-க்கு ஏத்தி விட்டுரு. தெருவுக்கே சீரணி குடுக்கேன்."

ஏத்தி விட்டான். ஏஜென்ட் ராத்திரியெல்லாம் ரேடியோவைத் திருகிச் சேதி பிடித்துக்கொண்டு, லட்டு டப்பாவோடு ஓடி வந்தார். "முதல் எடம் பாய்! ஏ-க்குப் போயிடுத்து!" மெஷின்களை நிறுத்திவிட்டுக் கூத்தடித்தோம். நான் சொன்னபடி இனிப்பு வாங்கிச் சீரணி கொடுத்தேன். என் குடத்தைத் தள்ளுகிறவளுக்கும் கொடுத்தேன், போகிறோமே என்ற தாராளத்தில். அன்றைக்கே பாத்திரங்களை மூட்டை கட்டினேன்.

மே மாசம் ஏஜென்ட் மறுபடி வந்தார். கையில் டப்பா இல்லை. உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"ஏ-க்குப் போயிட்டாளோன்னோ... பெரிய கம்பெனிக்காரன் டீம் முழுக்கக் கையுறை குடுத்துட்டான். கடைக்கு வர்ற பசங்க அதுதான் வேணுங்கறாளாம். நம்மளது பி-க்குச் சரியாம்."

"நன்றி கெட்ட பயலுவ! யாரு துஆவில ஏறுனானுவ? நேர்ந்தது நான், சீரணி குடுத்தது நான்!" என்று அந்தச் சாம்பிள் கையுறையை எடுத்து மூட்டைப் பக்கம் வீசினேன். அழுகையும் வந்தது. கட்டின மூட்டையை அவிழ்ப்பதைப்போல ஒரு கேவலம் உண்டா?

அழுது முடித்தபிறகுதான் மூளை வேலை செய்தது. "சார், ஏ-ல ஒருத்தன் கீழ விழுந்திருக்கணுமே?"

"விழுந்திருக்கான். அவன்கிட்ட வேணா கேட்டுப் பாக்கட்டுமா?"

"வேண்டாம். பில்டிங்ல இருந்து சாலுக்கு வந்தவன் பவுச விடமாட்டான், குளிர்சாதனம் இருக்கான்னு கேப்பான். சி-ல இருந்து ஏறி வந்த ரெண்டு பேரு இருக்காவல்லா? அவ்வொட்ட போங்க. புதுசா ரூம் கெடச்ச சந்தோசத்துல இருப்பாவ. நாலு சாமான் வாங்கத்தான் செய்வாவ."

ஏஜென்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வீட்டுக்காரர், "எழுதிப் போட்டுப் பாருங்க சார், அவ சொன்னா கேக்காம விட மாட்டா" என்றார்.

அந்த இரண்டில் ஒன்றிலிருந்து ஆர்டர் வந்தது. மழைக்காலம் முழுக்கத் தைத்தோம், பூஞ்சை பிடிக்காமல் தோலை அடுப்பு மேல் கட்டிக் காய வைத்தோம். மழை விட்டதும் குர்லாவுக்குப் போனோம். முதல் நாள் குழாயடியில் உட்கார்ந்து, அழுக்கே இல்லாத துணியையெல்லாம் துவைத்தேன்.

அடுத்த மார்ச்சில் புதுக் கஸ்டமருக்காகத் தர்காவுக்குப் போனேன். இந்தத் தடவை வார்த்தையை அளந்து கேட்டேன். "யா அல்லா, முதல் எடம் வேண்டாம். கடைசி ரெண்டு எடமும் வேண்டாம். நடுவுல, யார் கண்ணுலயும் படாத எடமாப் பாத்து வை." எந்த நாட்டுக்காகவும் இப்படி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அங்கே ஆட்டம் பார்த்துத் தொப்பியை ஆட்டிக்கொண்டு கத்தினவர்களுக்குத் தெரிந்திருந்தால் என்னைக் கல்லால் அடித்திருப்பார்கள். அவர்கள் நடுவிலேயே வந்தார்கள்.

ஏ குரூப் ஆட்டமும் முடிந்த பிறகு ஏஜென்ட் குர்லா ரூமுக்கு வந்தார். கையில் லட்டு டப்பா.

"பழைய பார்ட்டி விழுந்துட்டாம்மா! ஏ-ல கடைசி! பி-க்கு வந்துட்டா! பழைய கையுறையே வேணுங்கறான் கடைக்காரன்!"

வீட்டுக்காரர் லட்டைக் கையில் எடுத்துவிட்டார். நான் டப்பாவைத் தள்ளி வைத்தேன். "ஏறுனாலும் லட்டு, விழுந்தாலும் லட்டா? நான் கேட்டுத்தானே சார் அவ்வொ மேல போனாவ. ரொம்ப அடி வாங்குனாவளா?"

"பாவம், கடைசி மேட்ச் வரைக்கும் போராடினா. ஒரு கோல்ல போயிடுத்து."

பிறகு ஏஜென்ட் மெதுவாக, "அளவு எடுக்க அந்தப் பழைய சாம்பிள் இருந்தா நன்னாருக்கும். அன்னிக்கே தூக்கிப் போட்டுட்டேளே" என்றார்.

நான் அடுப்படிக்குப் போய் எடுத்து வந்தேன். மூட்டையோடு மூட்டையாகக் கொண்டு வந்திருந்தேன். குழம்புச் சட்டி இறக்க அதைவிட நல்ல பிடிதுணி இந்தப் பம்பாயிலேயே கிடையாது. ஏஜென்ட் வாங்கி ஒரு தடவை முகர்ந்தார், கையை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா இது, மீன் வாசனை வரதே!"

"குடுங்க சார், கழுவித் தாரேன்" என்று வாங்கிக்கொண்டேன். "இங்க தண்ணிக்கா பஞ்சம்?"