மொட்டைக்கு எந்தக் கோயில்?

தமிழினிக்கு வயது இருபத்திரண்டு. கீழ்க்கட்டளையில் இரண்டாம் மாடி வீடு. ஆறு வாரத்துக்கு முன்னால் அவளுக்கு மண்டையைத் திறந்து ஆபரேஷன் ஆனது அந்தத் தெருவில் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. தெரியாதபடி கட்டிக் காத்தவள் அவள் அம்மா ஜெயஸ்ரீ.

வியாதி இதுதான். சிறுமூளை இருக்க வேண்டிய இடத்தில் இருக்காமல் கீழே இறங்கித் தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. இருமினால், தும்மினால், வாய்விட்டுச் சிரித்தால்கூடப் பின்மண்டையில் இடி இறங்கும். விரல்கள் மரத்துப்போய்க் கையிலிருக்கும் டம்ளர் நழுவும். பின்மண்டை எலும்பில் ஒரு துண்டை எடுத்து, மூளைக்குக் கொஞ்சம் இடம் பண்ணிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் கனம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, கழுத்துப் பட்டையைக் கழற்றக் கூடாது.

இனி மொட்டை விஷயம். பின்னால் நாலு விரல் அகலம் மழித்தால் போதும் என்றுதான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஜெயஸ்ரீதான் நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், முழுசா எடுத்துடுங்க. திருப்பதி வேண்டுதல்னு சொல்லிக்கிறோம்" என்றாள். இடுப்பு வரைக்கும் இருந்த முடி. தமிழினியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தலையில கத்தி வெச்ச பொண்ணுன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன்டி கட்டிப்பான்?" என்றாள், அவ்வளவுதான். அதோடு விட்டாளா? தி.நகர் தேவஸ்தானக் கோயிலுக்குப் போய் வரிசையில் நின்று திருப்பதி லட்டு வாங்கி வந்து, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தாள். கீழ் வீட்டு அபிதகுஜாம்பாள் மாமி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டாள். அடேயப்பா, பொய்க்குப் பிரசாதம் கொடுத்த மகராசி ஜெயஸ்ரீதான்!

பொய் பலித்தது. பார்த்தவர்கள் "எந்தக் கோயில்?" என்று கேட்டார்கள், முகம் களையாக இருக்கிறது என்றார்கள், போய்விட்டார்கள். நோயாளி என்று தெரிந்திருந்தால் நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எழுந்திருக்கவே மாட்டார்கள். மொட்டையைப் பார்க்க யார் வரப்போகிறார்கள்? அப்பா வெற்றிவேல் விடியலிலேயே கம்பெனி பஸ்ஸுக்குப் போய்விடுவார். அம்மா குரோம்பேட்டையில் டீச்சர். காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை வீட்டில் தமிழினியும் கழுத்துப் பட்டையும்தான். யாராவது பெல் அடித்தால் அந்தப் பட்டையையும் கழற்றி ஒளித்துவிட்டு, துப்பட்டாவைப் பின்கழுத்தில் சுற்றிக்கொண்டுதான் கதவைத் திறக்க வேண்டும். அது டாக்டர் பேச்சுக்கும் மேலான அம்மாவின் சட்டம். யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், எப்படி இருக்கிறது என்று கேட்கமாட்டார்களா என்று அவள் ஏங்கிப் போனாள்.

மார்ச் மாத வெயில். அன்று பார்த்துக் குடிதண்ணீர் தீர்ந்துவிட்டது. குழாயில் வருவதோ வாயில் வைக்க முடியாத உப்பு. வழக்கமாகக் கேன் போடுகிற சிட்டிபாபு தண்ணீர் கேனை வாசலில் வைத்துவிட்டுப் போவார், மாலையில் அப்பா வந்து தூக்கிக் கவிழ்ப்பார். அன்று அப்பா வேலையாக ஓசூர் போயிருந்தார். பாட்டிலில் இருந்த மிச்சமும் காலை மாத்திரையோடு முடிந்தது. பெல் அடித்தபோது மணி பன்னிரண்டரை, நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

புதுக் கேனை வாசலில் வைத்துவிட்டுக் காலி கேனோடு திரும்பிய சிட்டிபாபுவை, "அண்ணா, அதைக் கொஞ்சம் ஸ்டாண்டுல கவுத்துடுங்களேன்" என்றாள்.

"இன்னா பாப்பா, வயசுப் பொண்ணு ஒரு கேன் தூக்க மாட்டியா? முடியோட தெம்பையும் உண்டியல்ல போட்டுட்டு வந்துட்டியா?"

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆறு வாரத்தில் முதல் சிரிப்பு. கூடவே வலியும் வந்தது. இரண்டு கையாலும் பின்மண்டையைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். சிட்டிபாபு பதறிப்போய்க் கேனைக் கவிழ்த்து, தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். குடித்து முடித்தவள் என்ன நினைத்தாளோ, துப்பட்டாவை விலக்கித் திரும்பி, தழும்பைக் காட்டினாள்.

"திருப்பதி இல்லண்ணா. மூளையில ஆபரேஷன்."

அவள் வாயால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

சிட்டிபாபு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "ரொம்ப வலிக்கிதாம்மா?"

அழுதாள். அழுதாலும் வலித்தது. வலித்தால் வலிக்கட்டும் என்று அழுதாள்.

வீடு வீடாக ஏறி இறங்குகிறவர் காதில் விழுந்த செய்தி தங்குமா? ஐந்தரை மணிக்கு அம்மா படியேறி வந்தபோது கையில் ஒரு பை சாத்துக்குடி இருந்தது. கீழே மாமி வழிமறித்துக் கொடுத்தது.

"யாருடி சொன்னா?"

"நான்தான்." சோபாவில் உட்கார்ந்திருந்த தமிழினி கழுத்துப் பட்டையைக் கழற்றவில்லை. அறை விழுந்தாலும் விழட்டும் என்றிருந்தாள்.

ஜெயஸ்ரீ பையைக் கீழே வைத்தாள். அப்படியே மகள் காலடியில் உட்கார்ந்தாள். "'என்கிட்டகூடச் சொல்லாம எப்படிடி தாங்கினே?'ன்னு மாமி கேக்கறாங்க" என்றாள். பிறகு குரல் உடைந்துவிட்டது. "தாங்கலடி. ஸ்கூல் பாத்ரூம்லதான்டி தினமும் அழுதேன்."

மகள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்பினாள். குனியக் கூடாதே, அதனால் தமிழினி அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே கையை மட்டும் இறக்கி, அந்தத் தலையைத் தேடித் தடவிக் கொடுத்தாள்.