மன உறுதி டீச்சரின் எலி

அவர்கள் இரட்டைப் பிள்ளைகள். ஒரே முகம், ஒரே மூக்கு, சிரித்தால் ஒரே பக்கம் விழும் குழி. ஒருத்தி கொஞ்சம் முந்திக்கொண்டு பிறந்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தைக் காட்டியே இன்னொருத்தியிடம் வாழ்நாள் முழுக்க "அக்கா" என்ற பட்டத்தை வசூலித்தாள். போதாக்குறைக்கு அக்கா ஒல்லி, தங்கை குண்டு. ஊரில் யாரும் தங்கையைப் பார்த்து அதிகம் யோசிக்கவில்லை. வாயைக் கட்டத் தெரியாதவள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அம்மாவும் அப்படித்தான். சின்ன வயதிலிருந்தே பெரியவளுக்கு முழுத் தட்டும் சின்னவளுக்கு அரைத் தட்டுமாகப் பரிமாறியே கை பழகிவிட்டது.

வளர்ந்த பிறகு அக்கா டயர் கடைக்கு மேல் மாடியில் ஒரு ஹாலைப் பிடித்து உடல் இளைக்கும் வகுப்பு நடத்தினாள். கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம், மேலே காற்றை இறக்க வந்தவர்களின் மூச்சிரைப்பு. உடற்பயிற்சி கொஞ்சம்தான், பேச்சுத்தான் அதிகம். பேச்சு எங்கே தொடங்கினாலும் மன உறுதியில் வந்து நிற்கும். அதனால் மாணவிகள் வைத்த பேர் மன உறுதி டீச்சர். அந்தப் பேர் தன் காதில் விழுந்தபோது அவள் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டாள்.

ஹாலின் சுவரில் பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தாள். அக்காவும் தங்கையும் தோளில் கைபோட்டு நிற்கும் படம். தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புதிதாக யார் சேர்ந்தாலும் படத்தின் கீழே நிறுத்தி, "முகம் ஒண்ணு. பிறந்த வயிறும் ஒண்ணு. வித்தியாசம் எங்க இருக்கு? வாயில," என்பாள். கேட்டவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டுவார்கள்.

தங்கைக்கு வேலை சலவை ஆலையில். ஆஸ்பத்திரிப் போர்வைகள் மலைபோல் வரும். நனைந்த போர்வையைத் தூக்கி இயந்திரத்தில் போடுவதும், வெந்நீர் ஆவியில் நின்று மடிப்பதும் அவள் பாடு. நாள் முழுக்க உட்கார இடம் கிடையாது. பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் என்று தூக்கமும் ஒரு ஒழுங்கில் இல்லை. இவ்வளவு உழைத்தும் இவள் ஏன் இளைக்கவில்லை என்று வகுப்பில் ஒருத்தி கேட்டபோது, யாரும் பார்க்காத நேரத்தில் தின்கிறாள் என்று அக்கா வாய் கூசாமல் சொன்னாள்.

இப்படி இருக்கையில் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, ஒருவர் ஒல்லியும் ஒருவர் குண்டுமாக இருக்கும் இரட்டையர்களைத் தேடுகிறார் என்று அக்காவுக்குத் தகவல் வந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் தான் சொன்னதற்கு விஞ்ஞானமே முத்திரை குத்தப்போகிறது என்று நினைத்தாள். தங்கையை நச்சரித்துச் சம்மதிக்க வைத்தாள். போர்வை தூக்காமல் ஒரு வாரம் உட்கார்ந்திருக்கலாம் என்பதற்காகத் தங்கை வந்தாள்.

அங்கே போன பிறகுதான் டாக்டரம்மாவுக்கு வேண்டியது மன உறுதி இல்லை, மலம் என்று தெரிந்தது. குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களைப் பார்க்க வேறு வழியில்லையாம். தங்கை டப்பாவை வாங்கினாள், கொடுத்தாள், வேலை முடிந்தது. அக்கா தன் டப்பாவைப் பரிசுப் பொருள்போல் வண்ணத் தாளில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று அந்தத் தளத்தில் தெரியாதவர் யாருமில்லை. அந்த வாரம் முழுக்க இருவரும் அங்கேயே தங்கினார்கள். வேண்டிய மட்டும் சாப்பிடலாம்; ஆனால் தட்டில் வைப்பதையும் தட்டில் மிஞ்சுவதையும் நிறுத்துப் பார்ப்பார்கள்.

சில மாதம் கழித்து முடிவு சொல்லக் கூப்பிட்டார்கள். அக்கா அம்மாவையும் கையோடு அழைத்துப் போனாள். வெற்றிக்கு ஒரு சாட்சி வேண்டுமல்லவா?

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. அந்த வாரம் இருவரில் கூடுதலாகச் சாப்பிட்டது அக்காதான் என்றார். தங்கை சாப்பிட்டதைவிடக் கணிசமாகவே கூடுதல். அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. ஆஸ்பத்திரிச் சாப்பாடு புதுசாக இருந்ததால் ருசி பார்த்தேன் என்று ஏதோ பூசி மெழுகினாள். ஏழு நாளும் அதே சாப்பாடுதான் போட்டார்கள் என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் டாக்டரம்மா இரண்டு எலிகளின் படத்தைக் காட்டினார். பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த எலிகள். ஒன்றின் குடலுக்குள் அக்காவின் பாக்டீரியாக்களைக் குடியேற்றியிருந்தார்கள், இன்னொன்றில் தங்கையுடையதை. இரண்டுக்கும் ஒரே தீனி, ஒரே அளவு. அக்காவின் எலி ஒல்லியாகவே இருந்தது. தங்கையின் எலி தலையணைபோல் ஊதியிருந்தது.

தங்கை படத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "டாக்டர், அந்த எலி திருடித் தின்னுச்சா?"

"கூண்டுக்குள்ள திருட என்னம்மா இருக்கு?" என்றார் டாக்டரம்மா.

அம்மாவுக்கு அது உள்ளே இறங்கச் சற்று நேரம் பிடித்தது. "அப்போ நான் இவளுக்கு இத்தனை வருஷமா அரைத் தட்டு போட்டது?" என்றாள். அம்மா பைக்குள் கையை விட்டு எதையோ தேடுவதுபோல் தேடிக்கொண்டே இருந்தாள்.

பாக்டீரியா மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது என்று டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். சாப்பாடு, தூக்கம், சின்ன வயதில் தின்ற, குடல் பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும் ஆன்டிபயாடிக் மருந்து என்று பலதும் இதில் சேரும். தங்கைக்குச் சின்ன வயதில் ஓயாமல் காதுவலி வந்து மருந்து கொடுத்துக்கொண்டே இருந்ததை அம்மா அப்போதுதான் நினைத்துக்கொண்டாள். குண்டு எலியை ஒல்லி எலியோடு ஒரே கூண்டில் விட்டும் பார்த்திருந்தார்கள். எலிகளுக்கு ஒன்றின் கழிவை ஒன்று தின்னும் வழக்கம் உண்டு. அந்த வழியில் ஒல்லி எலியின் பாக்டீரியா குண்டு எலிக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் நார்ச்சத்துள்ள தீனி போட்டபோதுதான் வந்த பாக்டீரியா தங்கியது, அது ஊதுவதும் நின்றது. வெறும் கொழுப்பைப் போட்டால் தங்கவில்லை. அம்மா இரண்டு பெண்களையும் ஒரு தினுசாகப் பார்த்தாள். மனிதர்களுக்கு இதெல்லாம் அப்படியே பொருந்துமா என்று தெரியாது என்று டாக்டரம்மா அவசரமாகச் சொன்னார். அக்கா நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

இத்தோடு அக்கா அடங்கியிருப்பாள் என்று நினைத்தால் அவளைத் தெரியவில்லை என்று அர்த்தம். அடுத்த வகுப்பிலேயே பேச்சைத் திருப்பிப் போட்டாள். தன் குடலில் இருப்பவை உயர்ந்த ரக பாக்டீரியாக்கள் என்று பெரிய ஆஸ்பத்திரியிலேயே கண்டுபிடித்துவிட்டார்களாம். மன உறுதியோடு வாழ்ந்து அவற்றை வளர்த்ததே அவள்தானாம். எப்படி வளர்த்தீர்கள் டீச்சர் என்று ஒரு வங்கிக்காரப் பெண் வெள்ளந்தியாகக் கேட்டாள். அக்கா எல்லோரையும் தோப்புக்கரணம் போடச் சொன்னாள்.

தோப்புக்கரணம் நடந்துகொண்டிருக்கும்போது தங்கை படியேறி வந்தாள். ஆலைச் சீருடை, ஈரம் உலராத கை. நேரே சுவரிடம் போய்ப் படத்தைக் கழற்றினாள். எல்லோரும் பாதி குந்திய நிலையிலேயே நின்றுவிட்டார்கள்.

"கிளாஸ் நடக்குது," என்றாள் அக்கா.

"நடக்கட்டும். நான் உங்கிட்ட சண்டைக்கு வரல," என்றாள் தங்கை. பிறகு மாணவிகள் பக்கம் திரும்பினாள். "ஒளிச்சுத் தின்னுறேன்னு இவ சொல்லியிருப்பா. நான் பசியோடதான் வேலை செஞ்சேன். அவ்வளவுதான் சொல்லணும்."

வங்கிக்காரப் பெண் நிமிர்ந்து, இப்போது என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். டாக்டரம்மா சொன்னபடி பருப்பு, பயறு, கீரை, தோல் சீவாத பழம் எல்லாம் சாப்பிடுவதாகத் தங்கை சொன்னாள். வயிறு நிறைய.

"எடை இறங்குதா?"

"கொஞ்சம். இறங்கலேன்னாலும் சாப்பிடுவேன்."

அவள் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். பின்னாலேயே சில மாணவிகளும் போனார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை.

அதே மாதத்தில் அக்கா வாசல் பலகையை மாற்றினாள். இப்போது அது குடல் நலப் பயிற்சி மையம். புதிதாகக் கூட்டம் சேர்ந்தது. பயற்றைப் பற்றி அவள் மணிக்கணக்கில் பேசுகிறாள், தானே கண்டுபிடித்ததுபோல. வகுப்புக்கு வந்து உன் அனுபவத்தைச் சொல்லேன் என்று தங்கைக்கு ஒருநாள் போன் செய்தாள். குரலில் தேன் வடிந்தது. தங்கை எதிரே அம்மா உட்கார்ந்திருந்தாள். இன்னும் கொஞ்சம் வைக்கவா என்று கரண்டியோடு காத்திருந்தாள்.

"இல்லக்கா, சாப்பிட்டுட்டு இருக்கேன்," என்று தங்கை போனை வைத்தாள்.