மின்தடை நாளில் ஓடிய தறி

இது நடந்தது. நம்பாதவர்கள் சங்கரன்கோவிலுக்கு வந்து, ஷீலாவின் வீட்டுப் பின்சுவரில் காதை வைத்துப் பார்க்கலாம். அவள் தடுக்கமாட்டாள்.

வங்கிக் கிளை மேலாளர் பதவி. ஊர் மாற மறுத்தால் பதவி உயர்வும் கைநழுவிவிடும். ஐந்து வயது ஜோயலைக் கணவன் ஜெபசிங்கிடம் விட்டுவிட்டுத் தூத்துக்குடியிலிருந்து தனியே வந்தாள். வாடகையையும் பேருந்துச் செலவையும் முன்கூட்டியே யோசித்திருந்தாள். யோசனையில் வராதவை வந்த பிறகே தெரிந்தன. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் சோறு தொண்டையில் இறங்குவதில்லை. பிள்ளை சாப்பிட்டிருப்பானா? போதாக்குறைக்கு, பின்சுவருக்கு அப்பால் ஓயாமல் ஓடும் விசைத்தறி.

"இந்தத் தறிச் சத்தம் கேக்குதா?" என்றாள் போனில் ஜெபசிங்கிடம்.

"ஒண்ணும் கேக்கலயே. ஏட்டி, பேசாம வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்திரு."

"வரமாட்டேன். ரசத்த ஊத்தி ஏமாத்தாம, பிள்ளைக்கு மீன முள்ளு பாத்துக் குடுங்க."

நெசவுக்குப் பேர்போன ஊரில் தறி ஓடும். அதில் ஐயப்பட என்ன இருக்கிறது?

ஒரு விடுமுறை நாள். பராமரிப்புக்காக ஊர் முழுக்க மின்தடை. சார்ஜ் தீர்ந்து போன் அணைந்து கிடந்தது. உச்சிவெயில். மின்விசிறி அசையவில்லை. ஷீலா தட்டில் சோற்றைப் போட்டாள்.

டடக்... டடக்... டடக்...

பிசைந்த கை நின்றது.

மின்சாரமே இல்லை. விசைத்தறி எப்படி ஓடுகிறது?

எழுந்து போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். சுவர் அதிர்ந்தது.

தறி நின்றது.

"பிள்ள... சாப்ட்டானா?"

பெண் குரல்.

சுவருக்குள்ளிருந்து...

பயத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது. மாமியார் கேட்டாயிற்று. அலுவலகத்தில் கேட்டாயிற்று. இப்போது சுவருமா?

"சாப்ட்டான்! அவங்கப்பா சோறு போட்டாச்சு. நீ ஒன் சோலியப் பாரு!"

சுவரிலிருந்து கையை எடுத்தாள்.

டடக்.

வாசலுக்கு ஓடி வந்தவளைப் பார்த்து எதிர்வீட்டு முருகம்மாள் கேட்டாள்: "உங்களுக்கும் கேட்டுட்டா, மேனேஜரம்மா? இந்தத் தெருவுல தறி ஓடி எத்தனையோ வருசமாச்சு. கடைசியா உங்க வீட்டு எடத்துலதான் ஓடுச்சு. குருவிகுளத்துக்காரி ஒருத்தி... பிள்ளைய ஊர்ல விட்டுட்டு வேலைக்கு வந்தவ. தறியிலயே சாஞ்சு உயிர விட்டுட்டா. இங்கன குடிவந்த வெளியூர் பொம்பளைய எல்லாரும் மாறுதல் வாங்கிட்டுப் போயிட்டாவ."

"நான் போகமாட்டேன்," என்றாள் ஷீலா.

மாலையில் மின்சாரம் வந்தது. போனுக்கு உயிர் வந்ததும் மகனை அழைத்தாள்.

"சாப்ட்டியாடா?"

"மத்தியானமே கேட்டல்லாம்மா? சாப்ட்டேன்னு சொன்னேனே. ஒன் போன்லதான் டடக் டடக்னு ஒரே சத்தம்..."

ஷீலா இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். ஒன்றே ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. மத்தியானத்தில் எந்தக் கூட்டம் நடந்தாலும் பாதியில் எழுந்து வெளியே போகிறாள். தறி நின்று அந்தக் குரல் முந்திக்கொள்வதற்குள் மகனை அவளே அழைத்துவிடுகிறாள்.