முட்டு எடுக்கும் நாள்

அன்று குழந்தையை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போயிருக்கலாமே, ஏன் கொடுக்கவில்லை? கூரையின் மேல் இருந்த நம்பிக்கையா, நம்பிக்கை இல்லை என்று பிறர் நினைத்துவிடுவார்களே என்ற கூச்சமா? இன்றும் எனக்குத் தெரியவில்லை.

1. ராவுத்தர் வீட்டு மாடி

என் மாமனார் உறையூரில் கொத்தனாராகத் தொடங்கிக் காண்டிராக்டர் ஆனவர். கூரை போட்டு இறுகியதும், அதைத் தாங்கி நின்ற மர முட்டுகளைத் தட்டி எடுப்பார்கள். அந்த நேரத்தில் வீட்டுக்காரர் பார்க்க, மாமனார் கூரைக்கடியில் போய் நிற்பார். அதைப் பார்த்துத்தான் ஊர் எங்களை நம்பியது.

சிமிண்டுக் கான்கிரீட் வந்தபோது முறையெல்லாம் இங்கிலீஷ் புத்தகத்தில் இருந்தது. வீட்டில் இங்கிலீஷ் படித்தவள் நான் ஒருத்திதான். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, கம்பியின் கனம், இடைவெளி எல்லாம் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். என் கணவர் அதன்படி கம்பி கட்டவைத்தார். பாலக்கரையில் தோல் வியாபாரம் செய்த ஒரு ராவுத்தருக்கு எங்கள் முதல் கான்கிரீட் மாடி.

கூரை இறுகுவதற்காக மேலே பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கியிருந்தார்கள். ஏணியில் ஏறிப் பார்த்தேன். மலைக்கோட்டை அந்தத் தண்ணீரில் தலைகீழாக ஆடிக்கொண்டிருந்தது. அன்றுமுதல் கண்ணை மூடினால் அந்தக் குளம் என் தலைக்குமேல் மிதக்கும். பெருக்கலில் எங்காவது தவறியிருப்பேனோ என்று எழுந்து மறுபடி போட்டுப் பார்ப்பேன்.

முட்டு எடுக்கும் நாளில் ராவுத்தர் மாமனாரைச் சீண்டினார். "மேஸ்திரி, நீங்க நிக்கிறது கிடக்கட்டும். கணக்குப் போட்டது யாரு?"

"எங்க மருமகதாங்க."

"அப்ப அவங்கல்ல நிக்கணும்?"

கேலிதான். ஆனால் மாமனார் சிரிக்கவில்லை. "என்னம்மா, வரியா?" என்றார்.

இடுப்பில் குழந்தையோடு நடந்துபோய் நடுவில் நின்றேன். பதறியவர் ராவுத்தர்தான். "யா அல்லா! புள்ளயக் குடுத்துட்டுப் போங்கம்மா! நான் சும்மா சொன்னேன்!"

உள்ளே ஈரச் சிமிண்டின் வாசனை. முட்டுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. பலகை பிரியப் பிரிய, மழைமேகம் போலச் சாம்பல் நிறத்தில் கூரை தெரிந்தது. தூசி ஜன்னல் வெயிலில் மெல்ல மெல்ல இறங்கியது. குழந்தை அதைப் பிடிக்கக் கை நீட்டிச் சிரித்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ. கூரை அசையவில்லை.

2. ராசியான பாப்பா

ராவுத்தர் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் இதைச் சொன்னார். வேலைகள் வந்தன. கொழுந்தனார்களும் தொழிலில் சேர்ந்தார்கள். பாலக்கரையில் ஆபீஸ், வாசலில் போர்டு. வீடு கட்ட வந்தவர்கள் எல்லோரும் மறக்காமல் ஒன்றைக் கேட்டார்கள்: "முட்டு எடுக்கறப்ப பாப்பாவக் கூட்டிட்டு வருவீங்கல்ல?" கூட்டிக்கொண்டு போனோம். எங்கள் கம்பெனி வளர்ந்தது அப்படித்தான்.

இப்போது ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். நடுவில் தூணே இல்லாத கூரை, நாங்கள் போட்டதிலேயே பெரியது. கணக்கு என்னுடையது. ஒரு என்ஜினீயரும் பார்த்துச் சரி என்றார். தை பிறந்ததும் முட்டு எடுக்க வேண்டும். மண்டபத்துச் சொந்தக்காரரான ஐயங்கார், "குழந்தைய அவசியம் அழைச்சுண்டு வாங்கோ. பெருமாள் கடாக்ஷம் அவளுக்குப் பூர்ணமா இருக்கு" என்கிறார்.

போன வாரம் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். "அம்மா, நான் நிக்கிறதாலதான் கூரை விழாம இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்லடா கண்ணு. உள்ள கம்பி இருக்கு, சிமிண்டு இருக்கு."

"அப்ப நான் எதுக்கு?"

சடையைப் பின்னி முடித்தேன்.

இந்தத் தடவை அவள் வேண்டாமே என்று கணவரிடம் சொன்னேன். "எனக்கும் மனசில்லதான். ஆனா இந்தத் தடவை அவ வரலேன்னா, கூரையில ஏதோ கோளாறுன்னு நம்ம கொத்தனாருங்களே பேசுவாங்க" என்றார். மாமனார், "உன் இஷ்டம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

நான் நிற்பேன். அதில் எனக்குத் தயக்கமில்லை. அவளை என்ன செய்வது? குழந்தை வளர்க்கும் சகோதரிகளே, என் இடத்தில் நீங்கள் இருந்தால் அவளை அழைத்துப் போவீர்களா? வீட்டில் விட்டுப் போவதானால் ஐயங்காரிடமும் கொத்தனார்களிடமும் எப்படிச் சொல்வீர்கள்? தை பிறப்பதற்குள் எழுதுங்கள்.