வாசலில் வாங்கிய நன்றி

அண்ணாவுக்கு நீச்சல் பழக்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் பள்ளிக்கூடத்தில் தேகப்பயிற்சி படிப்பித்த மாஸ்டர். மற்றவர் அவருடைய தம்பி, துறைமுகத்தில் வேலை செய்தவர். அவரை நாங்கள் சின்ன மாஸ்டர் என்போம். பெரியவர் கரையில் நின்று விசில் ஊதுவார். சின்னவர் அண்ணாவோடு கூடவே நீந்துவார்.

அம்மாவுக்குக் கடல் என்றாலே பயம். அண்ணா போட்டியில் வென்று கொண்டுவந்த கோப்பையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

“கடலுக்குக் குடுக்கவோ நான் பிள்ளையைப் பெத்தனான்?” என்று மாஸ்டரிடம் நேரிலேயே கேட்டார். மாஸ்டர் சிரித்தார். மறுநாளும் விடியவே வந்து அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போனார்.

யப்பான்காரன் வருகிறான் என்ற கதை பரவ, சனம் ஊரை விட்டுப் போகத் தொடங்கியது. நாங்களும் குடாவுக்கு அக்கரையில், கிளிவெட்டியில் பெரியம்மா வீட்டுக்குப் போவதாக இருந்தது. சாமான்களில் கொஞ்சத்தை முன்கூட்டியே அங்கே சேர்க்க, அண்ணா காலையில் அக்கரைக்குப் போகும் மூதூர் வள்ளத்தில் ஏறினான். அவன் போய்க் கொஞ்ச நேரத்தில் விமானங்கள் வந்து வானம் இரைந்தது.

குண்டுக்குப் பதுங்க வீட்டு வளவில் வெட்டியிருந்த குழிக்குள் அம்மா என்னை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு வெடிக்கும் எங்கள் தலையில் மண் கொட்டியது. அம்மா எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை. “வள்ளம், வள்ளம்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரைச்சல் அடங்கியதும் கடற்கரைக்கு ஓடினோம். துறைமுகப் பக்கம் கரும்புகை எழும்பி வெயிலை மறைத்திருந்தது.

“மூதூர் வள்ளம் கவிண்டிட்டுதாம்” என்றார் ஒருவர்.

கணுக்கால் நனைக்கவும் பயப்படுகிற அம்மா, இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். நான் கரையில் நின்று கத்தினேன். அம்மா திரும்பவில்லை. அப்படியே எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. கரையோரமாக, சட்டையில்லாமல், தள்ளாடிக்கொண்டு அண்ணா நடந்து வந்தான்.

“பயந்து கையை அடிக்கக்கூடாதெண்டு சின்ன மாஸ்டர் சொல்லுறவர், அம்மா. மல்லாக்கக் கிடந்தனான். மூச்சு வந்தாப்பிறகுதான் நீந்தினனான்.”

பின்னேரம் அண்ணா உறங்கியதும், அம்மா ஒரு தட்டில் தேங்காயும் வெற்றிலையும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்து எடுத்துக்கொண்டு, என்னோடு மாஸ்டர் வீட்டுக்குப் போனார். தெரு வெறிச்சோடிக் கிடந்தது. மாஸ்டர் வெளியே வந்து, கதவைப் பின்னால் சாத்திக்கொண்டு நின்றார்.

“நான் பெத்தது மட்டும்தான், மாஸ்டர். இண்டைக்கு அவனைத் திருப்பித் தந்தது நீங்கள் ரெண்டு பேரும். தம்பியையும் கூப்பிடுங்கோ, அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லவேணும்.”

மாஸ்டர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பியிட்டை நான் சொல்லுறன், அக்கா” என்று இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். “பிள்ளைக்குச் சுகம்தானே?”

“ஓம், நித்திரை.”

“நல்லாப் படுக்கட்டும். எழுப்பாதேங்கோ.”

உள்ளே ஒரு பெண்ணின் அழுகை எழும்பி, வாயைப் பொத்தினதுபோல் நின்றது. குண்டுக்குப் பயந்து யாரோ அழுகிறார்கள் என்று நினைத்தேன். அம்மா தன் சந்தோஷத்தில் அதைக் கேட்கவேயில்லை. “அடுத்த போட்டிக்கு நானும் வந்து பார்ப்பன், மாஸ்டர்” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அந்தக் கதவுக்குப் பின்னால், துறைமுகத்திலிருந்து கொண்டுவந்த சின்ன மாஸ்டரின் உடலைக் கிடத்தியிருந்தார்கள் என்று மறுநாள்தான் அறிந்தோம். அன்று எனக்கு அது தெரியாது. ஒரு சீப்புப் பழத்தை வாங்கிக்கொண்டு, உள்ளே வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லாத மனிதர் என்று வழி நெடுக அம்மாவிடம் முறையிட்டுக்கொண்டு வந்தேன்.